ஏழாம் அத்தியாயம்: ஓடைகளை ஓரிடத்தில் திரட்டுவது

நீங்கள் விரும்பிப் படிக்கும் எழுத்தாளர் ஒருவர் சொந்தத் தளத்தில் எழுதுகிறார். இன்னொருவர் மாஸ்டடானில் மட்டும் இருக்கிறார். வேறொருவர் யூடியூபில் பேசுகிறார், மற்றொருவருக்குப் பாட்காஸ்ட். இவர்கள் எல்லாரையும் ஒரே திரையில், அவர்கள் வெளியிட்ட நேர வரிசையில், எந்த நிறுவனத்தின் பரிந்துரையும் நடுவில் நுழையாமல் படிக்க முடியும். ஒரு மாலைப்பொழுதில் அமைத்துவிடலாம். பெரும்பாலும் செலவும் இல்லை. அதைச் செய்யும் வழிதான் இந்த அத்தியாயம்.

செய்முறைக்குப் போகுமுன் பெயர்களின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இணைய நிறுவனங்களுக்குப் பெயர் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று தெரிந்தவர் தன் ஓடைகளை வேறு விதமாகக் கட்டுவார். எந்த ஒரு பெயரையும் நம்பிக் கட்ட மாட்டார்.

ஓடை என்பது என்ன

ஓடை என்பது ஒரு சாதாரணக் கோப்பு. தளத்தில் புதிதாக ஒன்று வந்ததும் அதன் தலைப்பு, தேதி, இணைப்பு, சில சமயம் முழுக் கட்டுரையும் அந்தக் கோப்பின் மேலே சேர்ந்துகொள்ளும். பழையவை கீழிருந்து கழியும். உங்கள் வாசிப்பான், அதாவது ஓடைகளைப் படிக்கும் செயலி, அவ்வப்போது அந்தக் கோப்பைப் போய்ப் பார்த்து, புதிது இருந்தால் கொண்டுவந்து காட்டும். எழுதுபவரின் தளத்தில் நீங்கள் கணக்குத் திறக்க வேண்டாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம்.

இதன் முதல் வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. பிற தளங்களின் தலைப்புகளை 'மை நெட்ஸ்கேப்' என்ற முகப்புப் பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். மற்றவர் டான் லிபி. ஆர்எஸ்எஸ் என்ற அந்த வடிவத்தின் பெயருக்கே மூன்று விரிவுகள் வந்தன. முதலில் ஆர்டிஎஃப் சைட் சம்மரி, சில மாதங்களில் ரிச் சைட் சம்மரி, 2002-இல் மென்பொருளாளர் டேவ் வைனர் 2.0 பதிப்பை வெளியிட்டபோது ரியலி சிம்பிள் சிண்டிகேஷன். இந்த இழுபறியில் சலித்துப்போனவர்கள் தனியே போய் ஆட்டம் என்ற இன்னொரு வடிவத்தை வகுத்தார்கள். 2005-இல் அதுவும் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. உங்களுக்கு இந்த வேறுபாட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. நல்ல வாசிப்பான் எதுவாக இருந்தாலும் இரண்டையும் படிக்கும். பாட்காஸ்ட் உலகம் இன்றுவரை ஓடுவதும் இந்த ஆர்எஸ்எஸ் மேல்தான்.

தமிழ் இணையத்துக்கு இது புதிதல்ல. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டியது. அன்றைக்கு எழுத வந்த பலர் தங்கள் வாசகரைக் கண்டதும், வாசகர் அவர்களைக் கண்டதும் அந்தப் பக்கத்தில்தான். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். இந்தத் திரட்டி உங்களுடையது, யார் இருப்பது என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள் என்பது மட்டுமே வித்தியாசம்.

பெயர்கள் வந்த வழி

இணையத்துக்கு முந்திய தொழில்நுட்ப நிறுவனங்கள் பல, கண்ணுக்கு எதிரே இருந்த ஊரையும் ஆற்றையும் பெயராக எடுத்துக்கொண்டன. அடோபி, 1982-இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய சிற்றாற்றின் பெயர். 1984-இல் தொடங்கிய சிஸ்கோ, சான் பிரான்சிஸ்கோவின் கடைசித் துண்டு. நோக்கியா பின்லாந்தில் ஓர் ஊர்.

இணையம் வந்தபின் பெயர் வைப்பதில் புதிதாக ஒரு நெருக்கடி சேர்ந்தது. பிடித்த பெயர் இருந்தால் போதாது; அந்தப் பெயரில் இணைய முகவரி காலியாக இருக்க வேண்டும். பியர் ஒமிடியார் தன் ஆலோசனை நிறுவனத்துக்கு எக்கோ பே என்று பெயர் வைத்திருந்தார். அந்த முகவரியை ஒரு சுரங்க நிறுவனம் முன்பே எடுத்துவிட்டிருந்தது. சுருக்கி ஈபே என்று பதிந்தார். 1997-இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் உடனிருந்த மாணவர்களும் பேக்ரப் என்ற தங்கள் தேடுபொறிக்கு வேறு பெயர் தேடினார்கள். ஒன்றுக்குப் பின் நூறு பூஜ்ஜியம் போட்டால் வரும் கூகொல் என்ற எண்ணின் பெயர் பேச்சில் வந்தது. முகவரி காலியா என்று பார்க்கத் தட்டியவர் எழுத்தை மாற்றித் தட்டிவிட்டார். தட்டியது காலியாக இருந்தது, பேஜுக்கும் பிடித்துப்போயிற்று. அப்படித்தான் கூகுள்.

2004-இல் புகைப்படத் தளம் தொடங்கிய கேட்டரினா ஃபேக், ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு தம்பதிக்கு ஃபிளிக்கர் என்ற சொல்லின் சரியான எழுத்துக்கூட்டலில் முகவரி கிடைக்கவில்லை. வைத்திருந்தவர் விற்க மறுத்தார். கடைசி உயிரெழுத்தை விட்டுவிட்டுப் பதிந்தார்கள். அது ஒரு பாணியாகவே பரவியது. வலைப்பதிவுத் தளமான டம்ளர் அதே வழியில் உயிரெழுத்தை இழந்தது. 2006-இல் ட்விட்டர் தொடங்கியபோது அதன் பெயர் உயிரெழுத்தே இல்லாத ஐந்து எழுத்துகள். ஃபிளிக்கரின் தாக்கம் ஒரு காரணம், குறுஞ்செய்தி அனுப்பும் சுருக்க எண்ணுக்கு ஐந்து இலக்கம் போதும் என்பது இன்னொரு காரணம். முழுப்பெயருக்கான முகவரியைப் பிறகுதான் விலைக்கு வாங்கினார்கள். ஃபேஸ்புக் 2004-இல் பெயருக்கு முன் 'தி' சேர்த்துத்தான் பிறந்தது. மறு ஆண்டு 2 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய முகவரிதான் அந்த முன்னொட்டைக் கழற்ற உதவியது.

பெயர் நிலைப்பதும் இல்லை. சென்னையின் ஜோஹோ 1996-இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி, 2009-இல் தன் தயாரிப்பின் பெயரையே நிறுவனப் பெயராக்கிக்கொண்டது. ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் மெட்டா ஆயிற்று. ட்விட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆனது. 2024 மே மாதம் முகவரியும் மாறியது.

ட்விட்டரின் கதையில் ஒரு பகுதியை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஓடைகளோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. அந்தத் தளத்தில் எழுதுவதற்கு 'ட்வீட்' என்ற சொல்லை முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும், பறவைச் சின்னத்தை முதலில் பயன்படுத்தியதும் ட்விட்டர் நிறுவனம் அல்ல. ஐகான்ஃபேக்டரி என்ற சிறிய நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ட்விட்டரிஃபிக் என்ற செயலி அது. 2023 ஜனவரியில் ட்விட்டர், வெளியார் உருவாக்கிய இத்தகைய செயலிகள் அனைத்தையும் முன்னறிவிப்பின்றித் துண்டித்தது. தளத்துக்குச் சொல்லும் சின்னமும் தந்தவர்களின் செயலி ஒரே நாளில் பயனற்றுப்போனது. அவர்கள் அடுத்து உருவாக்கியது டேப்பஸ்ட்ரி: ஒரே தளத்தை நம்பாமல் ஆர்எஸ்எஸ், மாஸ்டடான், புளூஸ்கை, யூடியூப் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் காட்டும் செயலி. 2025-இல் வெளிவந்தது. அடிபட்டவர்கள் தேர்ந்த வழி என்பதால் அதற்கு என்னிடம் தனி மதிப்பு உண்டு.

திரட்டிகளும் மூடப்படும்

திரட்டும் கருவிகளும் இந்தக் கதையிலிருந்து தப்பவில்லை. 2007-இல் கூகுளிலிருந்து வெளியேறிய நால்வர் ஃபிரெண்ட்ஃபீட் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். ஜிமெயிலை உருவாக்கிய பால் புக்கெய்ட் அவர்களில் ஒருவர், கூகுள் மேப்ஸ் உருவாக்கத்தில் இருந்த பிரெட் டெய்லர் இன்னொருவர். நண்பர்களின் படங்கள், குறிப்புகள், காணொளிகள் எந்தத் தளத்தில் வந்தாலும் ஒரே ஓடையில் காட்டியது அது. லைக் பொத்தான் ஃபேஸ்புக்குக்கு வருமுன்பே அங்கே இருந்தது. 2009 ஆகஸ்டில் ஃபேஸ்புக் அதை வாங்கியது. 2015 ஏப்ரலில் மூடியது.

கூகுள் ரீடரின் முடிவு இன்னும் பலரைப் பாதித்தது. அதை உருவாக்கியவர்கள் ஃப்யூஷன் என்ற பெயரைத்தான் வைத்திருந்தார்கள். எல்லா வகைச் செய்தியையும் ஒன்றுசேர்க்கும் கருவி என்பது அவர்கள் எண்ணம். அந்தப் பெயர் கூகுளின் வேறொரு தயாரிப்புக்குப் போய்விட, 2005 அக்டோபரில் இது ரீடர் ஆனது. வெறும் படிக்கும் கருவி என்று பெயரே அதைச் சுருக்கிவிட்டது. 2013 மார்ச்சில் மூடும் அறிவிப்பு வந்தது, ஜூலை 1-இல் மூடப்பட்டது. அறிவிப்பு வந்த இரண்டு நாளில் 5 லட்சம் பேர் தங்களிடம் வந்ததாக ஃபீட்லி சொன்னது. சந்தாப் பட்டியலைக் கோப்பாக இறக்கி இன்னொரு வாசிப்பானில் ஏற்ற முடிந்ததால்தான் அவர்களால் அப்படி நகர முடிந்தது. ஃபிரெண்ட்ஃபீட் போன்ற தளத்தில் நண்பர் வட்டத்தை அப்படித் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

ஆகவே நீங்கள் கட்டப்போவது முகவரிகளின் பட்டியல். செயலி அந்தப் பட்டியலைக் காட்டும் சட்டகம் மட்டுமே. நாளைக்கு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

வாசிப்பானைத் தேர்வது

முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: ஒரே கருவியில் படிப்பீர்களா, கைபேசியிலும் கணினியிலும் மாறி மாறிப் படிப்பீர்களா?

ஒரே கருவி என்றால் கணக்கே தேவைப்படாத வாசிப்பான் போதும். ஆண்ட்ராய்டில் ஃபீடர் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம். ஐபோனிலும் மேக்கிலும் நெட்நியூஸ்வயர். இதை 2002-இல் எழுதிய பிரென்ட் சிம்மன்ஸ் பிறகு விற்றார், இரண்டு நிறுவனங்களின் கை மாறியது, 2018-இல் பெயர் அவரிடமே திரும்பி வந்தது. தான் புதிதாக எழுதிக்கொண்டிருந்த செயலிக்கு அந்தப் பழைய பெயரைச் சூட்டி இலவசமாகத் தந்தார். இன்றும் நான் யாருக்கும் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

பல கருவிகளில் படிப்பவர் ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஒரு சேவையில் கணக்குத் திறக்கலாம். ஓரிடத்தில் படித்தது மற்ற இடத்திலும் படித்ததாகக் குறிக்கப்படும். இலவசக் கணக்கில் ஓடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, தொடங்குபவருக்கு அது தாராளம். சொந்த சர்வர் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நிறுவலாம். சமூக ஊடகக் குறிப்புகளே உங்களுக்கு அதிகம் என்றால், அவற்றை ஒரே காலவரிசையாகக் காட்டும் டேப்பஸ்ட்ரியோ, கூகுளின் ரீடரோடு தொடர்பில்லாத 'ரீடர்' (Reeder) என்ற செயலியின் புதிய பதிப்போ வசதியாக இருக்கும். இரண்டும் ஆப்பிள் கருவிகளுக்கானவை.

ஒவ்வொரு தளமும் திறக்கும் விதம்

பெரும்பாலான தளங்களுக்குத் தனியாக ஓடை முகவரியைத் தேட வேண்டியதில்லை. எழுத்தாளரின் முகப்புப் பக்க முகவரியை நகலெடுத்து வாசிப்பானின் 'சேர்' பெட்டியில் ஒட்டினால் அது தானே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காதபோது கீழே சொல்லும் குறிப்புகள் உதவும்.

வேர்ட்பிரஸில் இயங்கும் தளம் என்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் ஓடை கிடைக்கும். தமிழ் எழுத்தாளர்கள் பலரின் சொந்தத் தளங்கள் வேர்ட்பிரஸில்தான் இருக்கின்றன என்பதால் இதை முதலில் நினைவில் வையுங்கள். சப்ஸ்டாக்குக்கும் இதே வழிதான். யூடியூபில் சேனல் பக்கத்தின் முகவரியை ஒட்டினால் போதும். அண்மைய 15 காணொளிகள் வரும், புதியவை சேரச் சேரக் காட்டும். பெல் பொத்தானையும் யூடியூப் முகப்பையும் நம்புவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் நீங்கள் கேட்ட சேனலின் காணொளி ஒன்றுகூடத் தவறாது, கேட்காத சேனல் ஒன்றுகூட வராது.

மாஸ்டடானில் ஒருவரின் பக்க முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஆர்எஸ்எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் சேருங்கள். ரெட்டிட்டிலும் அப்படியே. இப்படி வருபவை பொதுவெளிப் பதிவுகள் மட்டுமே. புளூஸ்கையிலும் ஒவ்வொரு கணக்குக்கும் ஓடை உண்டு. ஆனால் எழுத்து மட்டுமே வரும், படத்தைப் பார்க்க இணைப்பைத் திறக்க வேண்டும்.

மாஸ்டடான் பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்களில் இயங்குகிறது. நீங்கள் படிப்பவரின் சர்வர் முகவரி எந்த நாட்டின் குறியீட்டில் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். ஆப்கானிஸ்தானுக்கான குறியீட்டில் பதிந்திருந்த ஒரு மாஸ்டடான் சர்வர், 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு முகவரியை முடக்கியதால் நின்றுபோனது. அழகான சொல் அமைகிறது என்பதற்காக ஏதோ ஒரு நாட்டின் குறியீட்டை எடுத்தவர்கள் அந்த நாட்டின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களைப் படிக்கும் உங்கள் ஓடையும் அப்படித்தான்.

இனி மூடிய கதவுகள். எக்ஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஓடை தருவதில்லை. ட்விட்டர் ஒரு காலத்தில் தந்தது, 2013-இல் நிறுத்தியது. இடையில் நின்று இவற்றை ஓடையாக மாற்றித் தரும் சேவைகள் உண்டு. கட்டண வாசிப்பான்கள் சிலவும் இந்த வசதியைத் தருகின்றன. அந்தத் தளங்கள் எப்போது வேண்டுமானாலும் தடுத்துவிடும் என்பதால் முக்கியமான எதையும் இவற்றை நம்பி வைக்காதீர்கள். உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும் இடைச் சேவைக்கு அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெறும் படிப்பதற்காகக் கணக்கையே இழந்துவிட வேண்டாம். த்ரெட்ஸில் ஒரு சிறு வழி இருக்கிறது: மாஸ்டடான் போன்ற தளங்களோடு பதிவுகளைப் பகிரும் 'ஃபெடிவர்ஸ் பகிர்வு' வசதியைத் தாமே இயக்கிவைத்தவர்களை மாஸ்டடான் கணக்கிலிருந்து பின்தொடரலாம்.

மூடிய தளத்தில் மட்டும் எழுதும் ஒருவர் உங்களுக்கு முக்கியமானவர் என்றால், அவரிடமே கேளுங்கள். சொந்தத் தளமோ மின்னஞ்சல் இதழோ இருக்கிறதா என்று ஒரு வரி எழுதினால் போதும். ஓர் ஆள் கேட்டார் என்பதற்காகவே தளம் தொடங்கிவிடுபவர்களும் உண்டு. மின்னஞ்சல் இதழ் என்றால் 'கில் த நியூஸ்லெட்டர்' என்ற இலவசச் சேவை ஒரு மின்னஞ்சல் முகவரியும் அதற்கான ஓடையும் தரும். அந்த முகவரியால் இதழுக்குச் சந்தா செய்தால் இதழ்கள் உங்கள் அஞ்சல்பெட்டியை நிறைக்காமல் வாசிப்பானில் வந்துவிடும்.

அடுக்கும் முறை

முதல் வாரத்தில் ஐம்பது அறுபது ஓடைகளைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் படிக்காதவற்றின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்து, மூன்றாம் வாரத்தில் வாசிப்பானைத் திறப்பதையே விட்டுவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தோல்வி. காரணம் எண்ணிக்கை அல்ல, கலப்பு. நாளிதழின் ஓடையில் ஒரு நாளைக்கு நூறு உருப்படிகள் வரலாம். நீங்கள் உண்மையில் காத்திருக்கும் எழுத்தாளர் மாதம் ஒரு கட்டுரை எழுதுவார். இரண்டையும் ஒரே வரிசையில் விட்டால் அவர் எழுதியது தேர்க்கூட்டத்தில் கைவிட்டுப் போன குழந்தை மாதிரிக் காணாமல் போகும்.

ஆகவே தலைப்புவாரியாக, அரசியல், இலக்கியம், அறிவியல் என்று கோப்புறை போடாதீர்கள். வேகவாரியாகப் போடுங்கள். அரிதாக எழுதுபவர்கள் ஒரு கோப்புறையில். அதில் வருவது எதையும் தவறவிடக் கூடாது, வாசிப்பானைத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள். அன்றாடம் ஒன்றிரண்டு எழுதுபவர்கள் இன்னொன்றில். வெள்ளமாகக் கொட்டுபவை கடைசியில், அங்கே தலைப்புகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் படித்தாயிற்று' பொத்தானை அழுத்திவிடுங்கள். அந்தக் கோப்புறைக்கு எண்ணிக்கை காட்டுவதையே நிறுத்திவைப்பது இன்னும் நல்லது.

வாசிப்பானின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். உங்களுக்கு வசதியான நேரத்தில் நீங்கள் போய்ப் படிப்பதற்காகத்தான் இவ்வளவும்.

அடுத்து, சேர்த்த ஒவ்வொரு ஓடைக்கும் பெயர் மாற்றுங்கள். தளம் தரும் பெயரில் பெரும்பாலும் தளத்தின் பெயரே முன்னால் நிற்கும். அதை அழித்துவிட்டு எழுதுபவரின் பெயரைப் போடுங்கள், தளத்தின் பெயர் வேண்டாம். மேலே பார்த்தபடி தளத்தின் பெயர் எப்போது மாறும் என்று அதை நடத்துபவர்களுக்கே தெரியாது, ஆள் மாறுவதில்லை. ஒருவர் மாஸ்டடானிலிருந்து புளூஸ்கைக்குப் போனால் முகவரியை மட்டும் மாற்றினால் போதும், உங்கள் பட்டியலில் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார்.

பட்டியலைக் காப்பது

எல்லா நல்ல வாசிப்பான்களின் அமைப்புகள் பக்கத்திலும் 'ஏற்றுமதி' என்ற வசதி இருக்கும். அழுத்தினால் ஓபிஎம்எல் என்ற வகைக் கோப்பு ஒன்று இறங்கும். நீங்கள் வைத்த பெயர்கள், கோப்புறைகள், ஓடை முகவரிகள் எல்லாம் அதற்குள் எழுத்தாகவே இருக்கும். சாதாரண உரைத்திருத்தியில் திறந்து படிக்கலாம். ஏற்றுமதி வசதி இல்லாத வாசிப்பான் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். ஓடைகளைச் சேர்த்து முடித்த அன்றே ஒருமுறை ஏற்றுமதி செய்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் ஆடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

அந்தக் கோப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்பதை வேறொரு வாசிப்பானில் இறக்குமதி செய்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். கோப்புறைகள் அப்படியே வருகின்றனவா, தமிழ்ப் பெயர்கள் எழுத்து உடையாமல் வருகின்றனவா என்று பாருங்கள். சரியாக இருந்தால் அந்த இரண்டாம் வாசிப்பானை நீக்கிவிடலாம்.

ஏற்றுமதி செய்யும் அதே நாட்களில் பட்டியலையும் ஒருமுறை பார்வையிடுங்கள். நெடுநாளாக எதுவும் வராத ஓடைகளைப் பெரும்பாலான வாசிப்பான்கள் தனியே காட்டும். அவற்றை உடனே நீக்கிவிடாதீர்கள். முதலில் அந்த எழுத்தாளரின் பக்கத்தை உலாவியில் திறந்து பாருங்கள். தளம் பெயர் மாறியிருந்தால் பழைய முகவரி பெரும்பாலும் உங்களைப் புதியதற்குக் கொண்டுபோகும். அந்தப் புதிய முகவரியை வாசிப்பானில் பதியுங்கள், பழையது ஒருநாள் நின்றுவிடலாம். பக்கம் திறக்கவே இல்லை என்றால் அவர் பெயரைத் தேடி, வேறெங்கே எழுதுகிறார் என்று பாருங்கள். பக்கம் திறக்கிறது, கடைசிப் பதிவு மட்டும் பழையது என்றால் ஓடையில் குறை ஒன்றும் இல்லை. அரிதாக எழுதுபவர்களின் கோப்புறைக்கு அவரை மாற்றிவிடுங்கள்.